பச்சைக் கட்டம்

மாமியார் மருமகளிடம் பாடம் படித்த கதையை நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும், சீடன் வயதில் சின்னவனாக இருக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மணல்விளையில் குருவுக்கு வயது இருபத்தேழு. இடுப்பில் கைக்குழந்தை. சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. மடியில் சொளவு என்கிற முறம் நிறைய பீடி இலை.

குருவின் பெயர் சண்முகக்கனி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரே அறையில் போட்டோக் கடை வைத்திருந்தாள். பாஸ்போர்ட் சைஸ் படம், ஜெராக்ஸ், லேமினேஷன். காதுகுத்து, சடங்கு என்று விசேஷ வீடுகளுக்குப் போய் எடுக்க அவளிடம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. வெள்ளி நிறம். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும்.

சீடரின் பெயர் சொர்ணத்தாய். கனியின் மாமியார். முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவர். கடைக்குப் பின்பக்க நிழலில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து சுற்றுவார். புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன், கனியின் புருஷன், வெளிநாட்டில் வேலையில் இருந்தான். ஒரே மகள் முத்தரசிக்கு ஆவணி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் இல்லாத தாய், மகளுக்குத் தாலி ஏறும்போது மேடைப் பக்கம் நிற்பதில்லை. யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். அவர்களாகவே பந்தியில் இலை போடப் போய்விடுவார்கள். கெட்டிமேளம் கேட்டதும் அங்கிருந்தபடியே கையெடுத்துக் கும்பிடுவார்கள். தாரை வார்த்துக் கொடுப்பது பெரியப்பா, பெரியம்மா பொறுப்பு.

பெரியப்பா வைகுண்டம், சொர்ணத்தாயின் புருஷனுக்கு அண்ணன். கல்யாண வேலைகளைப் பேச ஒருநாள் கடைக்கு வந்தார். மேளத்துக்குச் சொல்லியாயிற்றா, சமையலுக்கு யார் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், போட்டோ விஷயத்தில் வந்து நின்றார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுத்தவன் மேடையில் ஏறி எல்லாரையும் மறைத்துவிட்டானாம். அதை இன்னும் அவரால் மறக்க முடியவில்லை.

"போட்டோக்காரனுக்கு ஏது வழக்கம், ஏது முறை? செருப்பைக் கழற்றிட்டா அவன் எங்க வேணாலும் ஏறலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்பக்கம் இருந்த சொர்ணத்தாயின் கத்தரி கொஞ்ச நேரம் இலையில் ஓடவில்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே வந்தார்.

"கனி, தாலி கட்டும்போது பிள்ளைக்கு நேர் எதிரே, ரொம்பப் பக்கத்துல நிக்கிறது யாரு?"

"ஐயரா?"

"ஐயர் பக்கவாட்டுல இருப்பாரு. எதிரே?"

கனி யோசித்தாள். "போட்டோ எடுக்கிறவங்க."

"அவங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

கனி குழந்தையைப் பாயில் விட்டாள். மேசை இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்ன கேமராவை எடுத்தாள்.

"உங்க விரலைக் காட்டுங்க அத்தை."

சொர்ணத்தாய் வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் இலைக்கறை. கனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைரேகை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"இது போதும்" என்றாள்.

*

படிப்பு அன்றைக்கே ஆரம்பித்தது.

மேலே இருந்த சின்னப் பட்டனை அழுத்தினால் கேமரா விழித்துக்கொள்ளும். ஆமை தலையை நீட்டுவது போல லென்ஸ் வெளியே வரும். முதல் தடவை அது வந்தபோது சொர்ணத்தாய் கேமராவைச் சொளவில் போட்டுவிட்டார். பீடித்தூளைத் துடைக்கக் கனிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

மேலே ஒரு சக்கரம். அதில் சின்னச் சின்னப் படங்கள். ஒரு பூ, ஒரு மலை, ஓடுகிற ஆள் ஒருவன், பிறைநிலா. பின்னால் திரை. அதன் ஓரம் முழுக்க இன்னும் குறிகள். மின்னல் போட்டிருந்தால் வெளிச்சம் அடிக்கும். பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு குறி, இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று ஒரு எண்.

ஒரே வாரத்தில் சொர்ணத்தாய்க்கு எல்லாம் மனப்பாடம். பீடி சுற்றிக்கொண்டே பக்கத்துப் பெண்களுக்கு வாய்ப்பாடு போல ஒப்பிப்பார். அவர்கள் விடுவார்களா? சொர்ணத்தக்கா காலேஜுக்குப் போகிறாள், இனிமேல் நம்மோடு பேச மாட்டாள் என்றார்கள்.

ஆனால் படம் எடுக்கப் போனால் சொர்ணத்தாய்க்குக் குழப்பம். எந்தக் குறியை வைப்பது? மாலையில் பூ இருக்கிறதே, அதனால் பூவை வைக்க வேண்டுமா? மண்டபத்துக்குப் பின்னால் குன்று தெரியுமே, அப்போது மலையா? பீடி சுற்றுகிறவர்களில் வாய்த்துடுக்கு செல்லக்கிளிக்குத்தான். மாப்பிள்ளை ஓடிப்போனால் ஓடுகிறவன் படத்தை வைத்துக்கொள் என்று யோசனை சொன்னாள்.

சொர்ணத்தாய் கேமராவைத் தூக்கிக்கொண்டு மருமகளிடம் போனார்.

"இத்தனை குறி இருக்கே. இதுல எதைப் பார்த்து எடுக்கணும்?"

கனி வாங்கினாள். சக்கரத்தை, எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்கிற பச்சைக் குறிக்குத் திருப்பி, அது நகராமல் லேமினேஷன் துண்டு ஒன்றை ஒட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்த ஒரு பட்டனை அழுத்தினாள். திரையில் பாதிக் குறிகள் போயின. இன்னொரு தடவை அழுத்தினாள். மிச்சமும் போயின. கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணுமே இல்லையே. நான் படிச்சது எல்லாம் போயிட்டு."

"நல்லாப் பாருங்க."

சொர்ணத்தாய் பார்த்தார். "சுவர் தெரியுது. காலண்டர் தெரியுது. நீ தெரியுறே."

"அதைப் பார்த்துத்தான் எடுக்கணும்."

*

குறிகள் போனதும் படம் வந்துவிடும் என்று சொர்ணத்தாய் நினைத்தார். வரவில்லை. காலண்டரை எடுத்தால் ஒவ்வொரு தேதியும் இரண்டாகத் தெரிந்தது. ஆட்டை எடுத்தால் ஆட்டின் மேல் இன்னொரு ஆடு. பேத்தியை எடுத்தால் ஒரு வெள்ளைப் புகை.

விறகு உடைக்கிற வேகத்தில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தும்போது கேமராவும் சேர்ந்து இறங்கியது.

"அமுக்கத்தானே செய்யுதேன். அது ஏன் ஆடுது?" என்று கேட்டார்.

கனி எழுந்து பின்பக்கம் போனாள். பீடி சுற்றுகிற பெண்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாமியாரின் சொளவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நறுக்கி வைத்த இலை ஒன்றை எடுத்துத் தூள் போட்டு விரலால் அழுத்தி உருட்டினாள். இலை படக்கென்று கீறியது. இரண்டாவது இலை எடுத்தாள். அதுவும் கீறியது. உன் மருமகள் பீடி கம்பெனியை மூடிவிட்டுத்தான் போவாள் என்று செல்லக்கிளி சொன்னாள்.

மூன்றாவது இலையும் கீறியபோது சொர்ணத்தாய்க்குப் பொறுக்கவில்லை. நனைத்துப் பதம் பார்த்து வைத்த இலை அல்லவா.

"அமுக்காதே. மொதல்ல விரலைச் சும்மா வை. இலை தன்னால இடம் குடுக்கும். விரல் அங்கேயே நிக்கட்டும். இடம் குடுத்த பிறகுதான் உருட்டணும்."

"ஒரே அமுக்கா அமுக்கினா?"

"இலை போயிரும்."

கனி எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினாள். கேமராவை மாமியார் கையில் கொடுத்தாள்.

"இப்ப நீங்க சொன்ன மாதிரியே செய்யுங்க."

சொர்ணத்தாய் பட்டனில் விரலைச் சும்மா வைத்தார். கொஞ்சம் அழுத்தினார். பாதி வழியில் பட்டன் தன்னால் நின்றது. இத்தனை நாள் அங்கே ஒரு நிறுத்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கேமரா இரண்டு தடவை கீச்சிட்டது. திரையில் செல்லக்கிளியின் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது.

விரல் அங்கேயே நின்றது.

பிறகு மிச்சத்தையும் அழுத்தினார்.

செல்லக்கிளியின் மூக்குத்தியில் இருந்த ஒற்றைக் கல் வரைக்கும் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வருகிறேன், இன்னொன்று எடு என்றாள்.

அன்று சாயங்காலம் பழைய படங்களை எல்லாம் அழிக்க வேண்டும் என்று சொர்ணத்தாய் பிடிவாதமாக உட்கார்ந்தார். நாற்பத்துமூன்று புகைப் படங்கள். குப்பைத்தொட்டிக் குறி போட்ட பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேமரா, நிஜமாகவே அழிக்கட்டுமா என்று திரையில் எழுதிக் கேட்டது.

"இது என்ன, மாமியார் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் கேள்வி கேக்குது?"

கனி சிரித்தாள். "அழிக்கும்போது மட்டும்தான் அத்தை கேக்கும். எடுக்கும்போது கேக்காது."

*

ஆனி மாதக் கடைசியில் செல்லக்கிளியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சொர்ணத்தாய் கேமராவோடு போனார். அங்கே வேறு ஆள் போட்டோவுக்கு இருந்தான். இவர் கூட்டத்துக்குள் நின்று, தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார். கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பில் அங்கேயே எல்லாருக்கும் திரையைக் காட்டினார்.

எல்லாரும் அட்சதை போட்டிருந்தார்கள். படத்தில் அந்த அரிசி அத்தனை துல்லியமாக அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு மணியிலும் மஞ்சள் தெரிந்தது. பின்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு கலங்கல்.

வைகுண்டத்தின் மனைவி பூரணம் திரையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அரிசியை ஒண்ணொண்ணா எண்ணலாம் போல இருக்கே சொர்ணம். பொண்ணு மாப்பிள்ளையைத்தான் காணோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொர்ணத்தாயும் சேர்ந்து சிரித்தார்.

கடைக்கு வந்ததும் கேமராவை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"வேற ஆளைப் பாரு கனி. நான் பந்திக்கே போறேன்."

சொர்ணத்தாய் சொளவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கெட்டிமேளம் ரெண்டாவது தடவை கொட்ட மாட்டாங்க. முத்தரசிக்கு அந்த ஒரு படம் இல்லாமப் போச்சுன்னா, அம்மாக்காரி ஆசையில கெடுத்துட்டான்னு ஊர் சொல்லும். ஊர் சொல்லட்டும். அவ என்ன நினைப்பா?"

மறுநாள் காலையில் கனி பின்பக்கத்துக்கு ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். அதில் குழந்தையோடு உட்கார்ந்தாள். யாரோ படத்துக்குப் போடச் சொல்லிவிட்டு வாங்கிப் போகாத பிளாஸ்டிக் மாலை ஒன்று கடையில் கிடந்தது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பீடி சுற்றுகிற பெண்கள் எல்லார் கையிலும் ரேஷன் அரிசி கொடுத்திருந்தாள்.

"எடுங்க அத்தை."

சொர்ணத்தாய் மனசில்லாமல்தான் கேமராவை எடுத்தார். பெண்கள் அரிசியைப் போட்டார்கள். பட்டனை அழுத்தினார். திரையில் அரிசி துல்லியம். கனியும் குழந்தையும் கலங்கல்.

"பாத்தியா" என்றார். அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

"இப்ப அரிசி அவங்க கையில இருக்கும்போதே என்னைப் பிடிச்சிருங்க. பிடிச்ச விரலை எடுக்காதீங்க."

சொர்ணத்தாய் பாதி அழுத்தினார். பச்சைக் கட்டம் கனியின் முகத்தில் உட்கார்ந்தது. பெண்கள் அரிசியைப் போடவில்லை. வேண்டுமென்றே சுணங்கினார்கள். செல்லக்கிளி கொட்டாவி விட்டாள். ஒருத்தி, என் இலை காய்கிறது நான் போகிறேன் என்றாள். விரல் அசையவில்லை. திடீரென்று ஒரே வீச்சாக வீசினார்கள். ஒரு கைப்பிடி சொர்ணத்தாயின் முகத்திலேயே விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டே மிச்சத்தை அழுத்தினார்.

கனி துல்லியமாக இருந்தாள். குழந்தையின் கண்மை துல்லியமாக இருந்தது. அரிசி மழைபோல் மங்கலாக இருவருக்கும் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

சொர்ணத்தாய் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இப்பவும் அரிசி குறுக்கே வந்துச்சு."

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் கேமரா அதைப் பாக்கப் போகலை?"

"நீங்க விரலை எடுக்கலையே அத்தை."

ஆடி மாதம் முழுக்க அந்தப் பின்பக்கத்தில் தினம் ஒரு கல்யாணம் நடந்தது. தெருக் கோழிகள் எல்லாம் கொழுத்துப் போயின.

*

ஆவணி முகூர்த்தம். ஊர்க் கோயிலின் கல்மண்டபத்தில் கல்யாணம்.

போட்டோவுக்கு ஆள் யார் என்று வைகுண்டம் இரண்டு தடவை கேட்டிருந்தார். ஆள் சொல்லியாயிற்று மாமா, நல்லாப் பழகின கைதான் என்று கனி சொல்லியிருந்தாள். அவள் மணப்பெண்ணுக்கு அண்ணி. முத்தரசியை அழைத்துவந்து உட்கார வைத்து, மாலை எடுத்துக் கொடுத்து, பின்னாலேயே நிற்க வேண்டும். அவளுக்குக் கை ஒழியாது. அது எல்லாருக்கும் தெரியும்.

கிளம்பும்போது கனி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். மேளச் சத்தத்தில் கேமராவின் கீச்சு கேட்காது, காதை நம்ப வேண்டாம், கட்டத்தைப் பாருங்கள் என்றாள்.

முத்தரசி வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை குனிந்திருந்தது. தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்தைச் சுற்றி வந்தது. அப்போது சொர்ணத்தாய் மண்டபத்தின் படியேறி மேடைக்கு வந்தார். அரக்கு நிறப் புடவை. மணிக்கட்டில் கேமராவின் வார்.

பேச்சு ஒவ்வொரு இடமாக நின்றது. பந்தியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றார்கள். பூரணம் புருஷனின் தோளைத் தொட்டார்.

வைகுண்டம் நிமிர்ந்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மாறியது.

"சொர்ணம், நீ இங்க..."

"செருப்பைக் கழற்றிட்டேன் அத்தான்."

தவில்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். வைகுண்டம் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கடையில் வைத்துச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கனியைப் பார்த்தார். கனி மாலையில் ஒரு நூலைச் சரி செய்துகொண்டிருந்தாள். நேரமாகிறது என்று ஐயர் சொன்னார்.

வைகுண்டம் நீட்டியிருந்த காலை மடக்கினார். முத்தரசிக்கு நேர் எதிரே ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் கிடைத்தது.

சொர்ணத்தாய் அங்கே போய் நின்றார். கேமராவைத் தூக்கினார். திரையில் ஒரு குறியும் இல்லை. மகள் மட்டும் இருந்தாள். விரலை வைத்தார். பாதி அழுத்தினார்.

பச்சைக் கட்டம் வந்தது.

தட்டு திரும்பி வந்தது. ஐயர் தாலியை எடுத்தார். மாப்பிள்ளை வாங்கினார். ஆட்களின் கைகள் எல்லாம் மடங்கி, அரிசியோடு காத்திருந்தன. அப்போது முத்தரசி குனிந்த தலையைக் கொஞ்சம் தூக்கினாள். எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

அதோடு சொர்ணத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. திரை தெரியவில்லை. கட்டம் தெரியவில்லை. மேளம் இடித்தது. அரிசி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. நெற்றியில் அடித்தது, கையில் அடித்தது.

விரல் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

மிச்சத்தை அழுத்தினார்.

*

மூன்று முடிச்சும் விழுந்து, மேளம் ஓய்ந்த பிறகு, படத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. சொர்ணத்தாய் தான் பார்க்க மாட்டேன் என்று கேமராவைக் கனியிடம் நீட்டினார். கனி வாங்கவில்லை. நீங்கள் எடுத்தது, நீங்களே போடுங்கள் என்றாள்.

முக்கோணம் போட்ட பட்டனை அழுத்தினார்.

மாப்பிள்ளையின் விரல்கள் முதல் முடிச்சில் இருந்தன. மஞ்சள் கயிற்றின் முறுக்கு தெரிந்தது. அரிசி மழையாக மங்கி இறங்கியது. அதற்குப் பின்னால் முத்தரசி. கல்யாணப் பெண்கள் எல்லாரும் தரையைப் பார்க்கிற நேரத்தில் அவள் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூரணம் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"இந்தத் தடவை அரிசியை எண்ண முடியாது அக்கா" என்றார் சொர்ணத்தாய்.

பூரணம் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

வைகுண்டமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். இதைப் பெரிதாகப் போட்டுத் தன் வீட்டுக் கூடத்துக்கும் ஒன்று வேண்டும் என்று கனியிடம் சொன்னார். போகிற போக்கில் நின்று திரும்பினார்.

"வர்றவன் போறவன் யார் எடுத்ததுன்னு கேப்பான். என்ன சொல்றது?"

"எங்க வீட்டுப் போட்டோக்காரின்னு சொல்லுங்க அத்தான்" என்றார் சொர்ணத்தாய்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பந்திப் பக்கம் போனார். முதல் பந்தியில் உட்காருவதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அந்தப் படத்தைத் தானே நின்று எடுக்க வைத்தது போலச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. கனியும் மாமியாரும் தூணோரம் உட்கார்ந்தார்கள். சொர்ணத்தாய் பெரிதாக்கிப் பார்க்கிற பட்டனை அழுத்தி அழுத்தி, மகளின் கண், மகளின் நெற்றிச்சுட்டி, முடிச்சு என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார். அம்புக்குறியை அழுத்தினால் படம் பக்கவாட்டில் நகரும். நகர்த்திக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார்.

படத்தின் மூலை. மேடைக்கு வெகு பின்னால் ஒரு கல்தூண். தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்ணின் பாதி முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டிருந்தது தெரிந்தது.

"இது யாரு கனி?"

கனிக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எங்க சித்தி என்றார் அவர். சின்ன வயதில் அம்மா போன பிறகு அவரை எடுத்து வளர்த்தது அந்தச் சித்திதானாம். சித்தப்பாவும் இப்போது இல்லை. வரும் ஐப்பசியில் சித்தியின் சொந்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம்.

சொர்ணத்தாய் தலையைத் தூக்கினார். படத்தில் இருந்த தூண் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பெண்ணும் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு அடுக்கு வாழை இலை.

சொர்ணத்தாய் கனியைப் பார்த்தார். எதையோ கேட்கப் போகிறவர் போல வாயைத் திறந்தார். கேட்கவில்லை. எழுந்தார். மண்டபத்தை நேராகக் கடந்து தூணிடம் போனார். கனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆனால் நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

கேமராவோடு வருகிறவரைப் பார்த்ததும் அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்தினார்.

"என்னை எடுக்காதீங்க மதினி. நான் படத்துக்கெல்லாம் நிக்கிறதில்லை."

"உங்களை எடுக்க வரலை" என்றார் சொர்ணத்தாய். இலைக்கட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தார். தன் மணிக்கட்டில் கிடந்த வாரைக் கழற்றி அவருடைய மணிக்கட்டில் மாட்டினார்.

"உங்க விரலைக் கொஞ்சம் காட்டுங்க மதினி."